நான் பார்க்காத மூன்றாவது கோணம்

எங்கள் ஓய்வுபெற்ற நில அளவையர்கள் ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். ஆளுக்கொரு கட்டுரை. "சார், உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத அளவு எதுன்னு எழுதுங்க. இப்ப வர்ற பசங்க ஒரு கம்பிய நட்டுட்டு செல்போன பாத்துக்கினு நிக்கிறாங்க, அளவு தானா வந்துடுது. நாம பட்ட பாடு அவங்களுக்குத் தெரியணும்" என்றார் மலர் வேலையைப் பார்க்கும் நண்பர். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். நான்கு முறை எழுதி நான்கு முறையும் கிழித்துப் போட்டேன். நான் பட்ட பாட்டை எழுத உட்கார்ந்தால், பிறரைப் படுத்திய பாடுதான் கைக்கு வருகிறது.

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் முப்பத்து நான்கு வருடம் சர்வேயராக இருந்தேன். மூங்கில்துறைப்பட்டில் கரும்புத் தோட்டத்து வரப்புத் தகராறு, சின்னசேலத்தில் வீட்டுமனை, எலவனாசூர்கோட்டையில் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை என்று அளந்த இடங்கள் ஏராளம். இவ்வளவிலும் எனக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு முக்கோணம். கல்வராயன் மலையில் அளந்தது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஊரின் பெயரை மட்டும் எழுத மாட்டேன். அங்கே இருப்பவர்கள் என்னால் பட்டது போதும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆறு மாதம் வெயிலில் அளவுச் சங்கிலி இழுத்தோம், கோணம் அளக்கும் தியோடலைட் பெட்டியைத் தோளில் சுமந்தோம், கொடுத்ததைச் சாப்பிட்டோம். முக்கோணவியலைப் பள்ளிக்கூடத்தில் பரிட்சைக்காகப் படித்திருந்தேன். ஆற்றுக்கு அந்தக் கரையில் நிற்கும் பனைமரம் எவ்வளவு தூரம் என்று கால் நனையாமல் சொல்லிவிடலாம் என்பது பயிற்சியில்தான் உறைத்தது. இந்தக் கரையில் ஒரு கோட்டை அளந்துகொள்ள வேண்டும். அதன் இரண்டு முனையிலும் நின்று மரத்தைப் பார்த்துக் கோணம் எடுக்க வேண்டும். மீதியை சைன் விதியும், மடக்கை அட்டவணைகள் இருக்கும் லாக் புத்தகமும் பார்த்துக்கொள்ளும். நடக்காமலே தூரம் தெரிந்துவிடுகிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷம்தான் பின்னால் என்னைக் கெடுத்தது.

வேலையில் சேர்ந்ததும் எனக்கு வாய்த்த மேலதிகாரி தணிகாசலம். ஒல்லியான மனிதர். காதில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். யாரையும் திட்டியதில்லை, குரலை உயர்த்தியதில்லை. களப்புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு முக்கோணத்திலும் மூன்று கோணங்களையும் வாய்க்குள்ளேயே கூட்டுவார். உதடு மட்டும் அசையும். கூட்டி முடித்ததும் நிமிர்ந்து பார்த்து ஒரே கேள்வி கேட்பார்.

"எங்கய்யா தப்பு?"

கூட்டுத்தொகை சுத்தமாக நூற்றெண்பது டிகிரி வந்திருந்தால் தொலைந்தோம். ஒரு டிகிரியை மூவாயிரத்து அறுநூறாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு விநாடி என்று பெயர். "மிஷினுன்னா பத்து இருபது விநாடி தப்பத்தான் செய்யும். வெயிலு, காத்து, உன் கண்ணு எல்லாம் சேர்ந்ததுதான் அளவு. தப்பே வர்லன்னா இன்னா அர்த்தம்? ரெண்ட பாத்துட்டு மூணாவத கழிச்சி எழுதிட்டேன்னு அர்த்தம். போய் பாத்துட்டு வா" என்பார். அவ்வளவுதான். புத்தகத்தை மூடி நம் கையில் கொடுத்துவிடுவார். மறுநாள் விடியற்காலையில் மறுபடியும் அதே வயலுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

இன்னொரு விஷயத்திலும் அவர் கறார். காணாமல் போன எல்லைக் கல்லைத் திரும்ப நடும்போது கணக்கை மட்டும் நம்பக் கூடாது. பழைய நாளில் எல்லைக் கல் நடுகிறவர்கள் குழிக்குள் ஒரு படி கரியைக் கொட்டி, அதன் மேல்தான் கல்லை நிறுத்துவார்கள். கல்லை யாராவது பிடுங்கித் துணி துவைக்கப் போட்டுக்கொள்ளலாம். கரியை யாரும் எடுக்க மாட்டார்கள், அது மண்ணுக்குள் மக்கவும் மக்காது. "கணக்கு உன்ன பக்கத்துல கொண்டுபோய் வுடும். அப்பறம் குனிஞ்சி தோண்டுய்யா" என்பார் தணிகாசலம்.

எனக்கு இருபத்தெட்டு வயது இருக்கும்போது அந்த மலை வேலை வந்தது. காட்டுக்கும் அங்கே குடியிருப்பவர்களின் நிலத்துக்கும் நடுவே எல்லையை மறுபடி குறிக்க வேண்டும். ஒரு மூலைக் கல்லைக் காணோம். மேட்டின் மேல் ஒரு கல் இருந்தது. அதை மேட்டுக் கல் என்கிறேன். அதற்கு முந்நூறு மீட்டர் தள்ளி ஒரு பாறையின் மேல் இன்னொன்று. அது பாறைக் கல். மூன்றாவதுதான் காணாமல் போனது. மேட்டுக் கல்லிலிருந்து எதிர்மலை உச்சிக்கு நேராக ஒரு கோடு போட்டால் அந்தக் கோட்டில் எங்கேயோ அது இருக்க வேண்டும். பாறைக் கல்லிலிருந்து அதற்கு இருநூறு மீட்டர். பழைய தாளில் மிஞ்சியிருந்தது இவ்வளவுதான். மீதிப் பாதியைக் கரையான் தின்றிருந்தது.

மூன்று கல்லுக்கும் உட்பட்டது காடு. மூன்றாவது கல்லுக்கு அப்பால் இருப்பது சின்னப்பொண்ணு என்ற மலைக்குடிப் பெண்ணின் குடும்பம் சாமை விதைக்கிற நிலம். அந்தக் கல் கோட்டில் எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவுக்குக் காடு பெருக்கும், அவர்கள் நிலம் சுருங்கும். அவர்களுக்கு வேறு நிலம் கிடையாது.

அன்றைக்குச் சின்னப்பொண்ணுவின் கணவர் ஊரில் இல்லை. கீழே கரும்பு வெட்டப் போயிருந்தார். சின்னப்பொண்ணுதான் எங்களுக்கு இடத்தைக் காட்டினார்.

"தோ, அந்தப் பலாமரத்தாண்டதாங்க கல்லு இருந்துச்சி. எம் மாமனாரு அதும்மேல குந்திக்கினுதான் வெத்தல போடுவாரு."

நான் மேட்டுக் கல்லில் தியோடலைட்டை வைத்து, பாறைக் கல்லுக்கும் எதிர்மலைக் கோட்டுக்கும் நடுவே கோணம் எடுத்தேன். முப்பத்து நான்கு டிகிரி. கோடு தவறாமலிருக்க வழியில் கம்பங்கள் நட்டோம். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. என் சங்கிலிக்காரர் கோவிந்தன் குடை பிடிக்க, அதன் கீழே குந்தி லாக் புத்தகத்தைப் புரட்டினேன். மூன்றாவது கல்லில் வரவேண்டிய கோணம் ஐம்பத்தேழு டிகிரி என்று வந்தது. அப்படியானால் பாறைக் கல்லில் எண்பத்தொன்பது. இந்தக் கணக்குப்படி கல் விழும் இடம் பலாமரத்தைத் தாண்டி இருநூறு மீட்டருக்கும் மேல் தள்ளி இருந்தது.

"நீ சொல்ற எடம் இல்லம்மா. அதோ, அந்தத் திட்டுக்கு அந்தப் பக்கம்" என்றேன்.

"அது எங்க சாமக் காடுங்க! அங்க ஏதுங்க கல்லு?"

"கணக்கு அங்கதான் காட்டுது."

"கணக்கு காட்டுனா? நான் தெனமும் அந்த வழியாத்தானே போய்க்கினு வந்துக்கினு இருக்கறேன்."

அவர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அன்றைக்கு முழுக்க 'நீ' என்றுதான் பேசினேன். அதற்கும் சேர்த்து இப்போது கூசுகிறது.

பாறைக் கல்லுக்கும் அந்த இடத்துக்கும் நடுவே ஆழமான ஓடை. கருவிப் பெட்டியோடு இறங்கி ஏற இரண்டு மணி நேரம் ஆகும். காலெல்லாம் அட்டை. மூன்று மணி பஸ்ஸை விட்டால் மலையிலேயே தங்க வேண்டும். மறுநாள் எலவனாசூர்கோட்டையில் என்னோடு வேலை செய்யும் ஒருவர் வீட்டுக் காதுகுத்து, கறிச் சோறு. என் கடமைக்கு எதிராக நின்றது ஏதோ பெரிய கஷ்டம் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நின்றது அந்தக் கறிச் சோறுதான்.

பாறைக் கல்லிலேயே கருவியை வைத்து எண்பத்தொன்பது டிகிரிக்குத் திருப்பிக்கொண்டு, கோவிந்தனை மட்டும் கல்லோடும் கூலியாட்களோடும் அனுப்பினேன்.

"நீங்க வர்லியா சார்? தோண்டிப் பாக்கணுமே" என்றார் கோவிந்தன்.

"நீ கம்பத்துக்கு நேரா போய்க்கினே இருய்யா. நான் கைய தூக்குற எடத்துல நட்டுட்டு வா."

கோவிந்தன் பிடித்திருந்த கொடி என் கருவியின் கண்ணாடிக்குள் வந்தது. கையைத் தூக்கினேன். கல் நின்றது.

கீழே இறங்குகிற பஸ்ஸில் களப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் பார்க்காத மூன்றாவது கோணத்தை எழுதினேன். ஐம்பத்தேழு என்று எழுதப் போனபோது தணிகாசலத்தின் உதடு கண்முன் வந்தது. கூட்டினால் சரியாக நூற்றெண்பது வந்துவிடும், பிடித்துவிடுவார். ஆகவே இருபது விநாடி குறைத்து எழுதினேன். 'தோண்டிப் பார்த்ததில் கரி இல்லை' என்று கீழே ஒரு வரியும் சேர்த்தேன். மறதியில் செய்த தவறு என்று இதை யாரும் சொல்ல முடியாது. பொய்க்குள் பிழையையும் யோசித்து வைத்தவன் நான்.

தணிகாசலம் புத்தகத்தை வாங்கிக் கூட்டினார்.

"எங்கய்யா தப்பு?"

"இருபது விநாடி சார்."

அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "மழையில, அந்த ஓடையத் தாண்டிப் போய் இருபது விநாடிதான் தப்பு வுட்டிருக்கியா?" என்றார். காதிலிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்து 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பக்கத்தைப் படியெடுத்து, புதிதாக வருகிறவர்களுக்கு மாதிரியாகக் காட்டச் சொல்லிப் பயிற்சிக் கோப்பிலும் சேர்த்துவிட்டார். காதுகுத்துக் கறிச் சோற்றைவிட அந்த ஒரு சொல் எனக்கு ருசித்தது.

மூன்று மாதம் கழித்துச் சின்னப்பொண்ணு கள்ளக்குறிச்சிக்கு வந்து என் மேசை முன் நின்றார். கையில் மஞ்சள் பை. அதை மேசையில் கவிழ்த்தார். ஈரமண் ஒட்டிய கரித்துண்டுகள்.

"பலாமரத்தாண்ட தோண்டுனேங்க. ஒரு மொழ ஆழத்துல இருந்துச்சி. கல்லுக்கு அடியில கரி இருக்கும்னு உங்க சங்கிலிக்காரருதான் அன்னிக்கே சொன்னாரு."

எனக்கு ஒரே நொடியில் புரிந்துவிட்டது. முளையில் கட்டிய மாடு கயிறு நீளத்துக்குச் சுற்றி வந்தால், பக்கத்து வேலியை ஓர் இடத்தில் தொடாது, இரண்டு இடத்தில் தொடும். பாறைக் கல்லில் இருநூறு மீட்டர்க் கயிற்றைக் கட்டிச் சுற்றினாலும் அப்படித்தான். கோட்டில் இரண்டு இடம் கிடைக்கும். ஐம்பத்தேழு டிகிரிக்கும் நூற்று இருபத்து மூன்று டிகிரிக்கும் சைன் ஒன்றே. லாக் புத்தகத்தில் தொண்ணூறு வரைக்கும்தான் இருக்கும். இன்னொரு விடையை நாமாகத்தான் நூற்றெண்பதில் கழித்து எடுக்க வேண்டும். எது சரி என்று காகிதம் சொல்லாது, நிலத்தில் போய்த் தோண்டினால்தான் தெரியும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பரிட்சையில் விடுகிற தப்பு இது. சின்னப்பொண்ணு காட்டிய இடத்தில் நூற்று இருபத்து மூன்று இருந்தது. நான் கல் நட்ட இடத்தில் ஐம்பத்தேழு. இரண்டுக்கும் நடுவே நாலரை ஏக்கர் சாமைக் காடு.

பக்கத்து அறையில் தணிகாசலம் இருந்தார். நான் எழுந்து போய், "சார், கல் தப்பு" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், மூன்றாவது கோணத்தை எப்படிப் பார்த்தாய் என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். வேலை போய்விடும் என்ற பயம்கூட அப்புறம்தான் வந்தது. 'நன்று' போய்விடுமே என்பதுதான் முதலில் வந்தது.

"அடுப்பு எரிச்ச எடத்துல எல்லாம் கரி இருக்கும்மா. போய்ட்டு வா" என்றேன்.

"அங்க யாரும் அடுப்பு வெக்கலீங்களே" என்றார். பிறகு பையை உதறி மடித்துக்கொண்டு போய்விட்டார். கரியைக் கூட்டி அள்ளி அலுவலகத்தின் பின்னால் கொட்டினேன்.

அடுத்த விதைப்புக்கு முன் காட்டிலாகாக்காரர்கள் என் கல்லை எல்லையாக வைத்து அகழி வெட்டிவிட்டார்கள். வெட்டியவர்கள் மேல் குற்றம் இல்லை, எல்லை என்று நான் காட்டியதை நம்பினார்கள். சின்னப்பொண்ணுவும் கணவரோடு கரும்பு வெட்டப் போனார். ஒரு முறை மூங்கில்துறைப்பட்டில் வரப்பு அளக்கப் போனபோது, தலையில் துணி கட்டிக்கொண்டு கரும்பில் சோகை உரித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தேன். குடையை முகத்துக்கு நேராகச் சாய்த்துக்கொண்டு நடந்தேன். தணிகாசலம் ஓய்வு பெற்றார், கொஞ்ச நாளில் காலமானார். அவர் நாற்காலிக்கு நான் வந்தேன். பதினோரு வருடம் புதியவர்களுக்கு அந்தப் பக்கத்தை விரித்து வைத்துப் பாடம் எடுத்தேன். 'எங்க தப்பு?' என்று அவர்களைக் கேட்கவும் கேட்டேன். அவர்கள் கோரஸாக, "இருபது விநாடி சார்" என்பார்கள்.

அப்படிச் சொன்னவர்களில் ஒருத்தி கவிதா. இப்போது அதே மலையில் செயற்கைக்கோள் கருவியோடு எல்லையை மறுபடி அளக்கிறாள். போன மாதம் போன் செய்தாள்.

"சார், நீங்க எங்களுக்குக் காட்டுவீங்களே, அந்த முக்கோணம். அங்கதான் நிக்கிறேன். இந்த அம்மா கல்லு பலாமரத்தாண்டன்னு சொல்றாங்க. கணக்குப்படி ரெண்டு எடமும் சரியா வருது சார். நீங்க மிஷின் வச்சி பாத்து எழுதுன கோணம் ஒண்ணுதான் ஆதாரமா இருக்குது. அத வச்சித்தான் நான் ரிப்போர்ட் எழுதணும்."

"அப்பறம் இன்னாம்மா, எழுதிடு."

"அதில்ல சார். நீங்க நட்ட கல்லாண்டதான் இப்ப நிக்கிறேன். இங்கேர்ந்து மேட்டுக் கல்லு தெரியவே இல்ல."

"மரம் வளந்திருக்கும்மா. எத்தினி வருசம் ஆச்சி."

"மரம் இல்ல சார். பாறைத் திட்டு. ரெண்டு கல்லும் தெரிஞ்சாத்தானே இங்க கோணம் எடுக்க முடியும்?"

அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சார், தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்க இங்க வந்து மிஷின் வச்சீங்களா?"

"ஞாபகம் இல்லம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அறுபது வயதைத் தாண்டியும், தப்பிக்க ஒரு சந்து தெரிந்தால் அதற்குள் நுழையத்தான் எனக்குத் தெரிகிறது. ஓய்வூதியத்துக்கு ஆபத்து வருமா என்று ஒரு வக்கீலிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். மூன்றாம் நாள் அலுவலகத்துக்குப் போய், அந்தக் கோணத்தை நான் பார்க்கவில்லை, தோண்டவில்லை, கரியை எடுத்துக்கொண்டு வந்தவரைத் துரத்திவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கவிதாவிடம் கொடுத்தேன். அவள் இரண்டு முறை படித்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவங்ககிட்ட நீங்களே வந்து சொல்லிடுங்க சார். என்னால சொல்ல முடியாது" என்றாள்.

அவளோடு மலைக்குப் போனேன். சின்னப்பொண்ணு வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியிருக்கும். யார் என்று சொன்னேன். அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை, தட்டுவதை நிறுத்தவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸை, பொய்க் கோணத்தை, கரியைக் கொட்டியதை. "என்ன மன்னிச்சிடுங்கம்மா" என்றேன். நிலம் திரும்பி வருமா என்று இன்னும் முடிவாகவில்லை, கவிதாவின் அறிக்கை மேலே போயிருக்கிறது என்றும் சொன்னேன்.

அவர் நிலத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் காட்டுன எடம் சரிதானா?"

"சரிம்மா. நீங்க காட்டினதுதான் சரி."

"எங்க வூட்டுக்காரு சாவற மட்டும் கேட்டுக்கினே இருந்தாரு. ஒரு நாளு நான் ஊர்ல இல்ல, கல்லு இருந்த எடத்த காட்டத் துப்பு இல்லாம நெலத்த வுட்டுட்டியேடின்னு. மாமியாகாரி சொன்னா, கொழுந்தன் பொண்டாட்டி சொன்னா. எம் மவன் இன்னிக்கும் சொல்லிக்கினுதான் இருக்கறான். எனக்கே சந்தேகம் வந்துடிச்சிங்க. படிச்சவரு மிஷின வச்சி பாக்கறாரே, நாமதான் மாத்திக் காட்டிட்டமோன்னு." அவர் குரல் இறங்கிப் போயிற்று. "எத்தினி வருசம், ஐயா."

நாலரை ஏக்கரைத்தான் எடுத்தேன் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதேன்.

"அழுவாதீங்க. அழுது இன்னா ஆவப் போவுது?" என்றார். "எம் மவன் வேலைக்குப் போயிருக்கறான். பொழுது சாயறப்ப வருவான். இருந்து அவங்கிட்டயும் சொல்லிட்டுப் போங்க."

இருந்தேன். மகன் வந்தார். நாற்பது வயது ஆள், தோளில் அரிவாள். அவரிடம் சொன்னேன். அம்மாவைத் திரும்பிப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். சின்னப்பொண்ணு எழுந்து போய்ப் பக்கத்து வீட்டிலிருந்து கொழுந்தனையும் அவர் மனைவியையும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தார். "அவங்களுக்கும் சொல்லுங்க" என்றார். சொன்னேன். எதிர்வீட்டிலிருந்து மூன்று பேர் வந்தார்கள், அவர்களுக்கும் சொன்னேன். மருமகள் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தாள், குடத்தை இறக்கச் சொல்லி அவளுக்கும் சொல்ல வைத்தார். ஒவ்வொரு முறையும் அவர் எனக்கு எதிரே நின்று, நான் எதையாவது விட்டுவிடுகிறேனா என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முறை கரியை விட்டுவிட்டேன். "கரி" என்றார். அதையும் சேர்த்துச் சொன்னேன்.

கடைசியாகச் சுற்றிலும் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"கேட்டுக்கினீங்களா எல்லாரும்?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "போதும் ஐயா. கெளம்புங்க."